தரங்கம்பாடி வாடகை

1620ஆம் ஆண்டு நவம்பர் மாதம் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர், வங்கக் கடலோரத்தில் இருந்த ஒரு மீன்பிடி ஊரை டென்மார்க் நாட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். ஊர் தரங்கம்பாடி. கம்பெனியின் சார்பில் உடன்படிக்கை செய்துகொண்டவர் ஓவே யெட்டே என்ற கடற்படைத் தளபதி. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. ஆண்டுக்கு இவ்வளவு என்று பணம் கட்ட வேண்டும். அந்தத் தொகை 3,111 ரூபாய் என்று பிற்கால நூல்கள் சொல்கின்றன. பதிலுக்குக் கோட்டையும் பண்டகசாலையும் கட்டிக்கொள்ளலாம், வாணிகம் செய்யலாம், தங்கள் மதப்படி வழிபட்டுக்கொள்ளலாம். மன்னர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியானுக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதுவித்து, தெலுங்கில் கையொப்பமிட்டு அனுப்பிய ஓலை கோபன்ஹேகனில் உள்ள அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. காவிரி டெல்டாவில் ஒரு கம்பெனி தொழில் நடத்த இடம் எடுத்ததற்கு நமக்குக் கிடைக்கும் மிகத் தெளிவான சான்றுகளில் இது ஒன்று.

இன்று தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ அலுவலகத்துக்கு இடம் பார்ப்பவர் முதலில் கேட்பது வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு என்பதைத்தான். அது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இந்தக் கடற்கரையில் டேனிஷ்காரர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று நான்கு கம்பெனிகள் இடம் எடுத்த வரலாற்றையும், அவர்களுக்கு அறுநூறு ஆண்டுகள் முன்பே நாகப்பட்டினத்தில் இடம் வைத்திருந்த கடல்கடந்த அரசனின் ஆவணங்களையும் சேர்த்துப் படித்தால், வாடகைத் தொகை கூடுதல் என்பதால் கெட்டவர் ஒருவரும் அதில் தென்படுவதில்லை. கெட்டவர்கள் வேறு காரணங்களால் கெட்டார்கள். இடம் கொடுத்தவருக்கு அதைக் கொடுக்கும் உரிமை இருந்ததா, அவருக்குப் பின் வருபவரை அந்த எழுத்து கட்டுமா, அந்த இடத்தில் என்னென்ன செய்யலாம் என்று எழுதியிருந்ததா, தொழில் தளர்ந்த காலத்தில் பணம் கட்டத் தெம்பு இருந்ததா என்ற கேள்விகளே பிழைத்தவரையும் போனவரையும் பிரித்தன. இவற்றிலும் முதல் இரண்டுதான் முக்கியம் என்பது என் வாதம்.

தரங்கம்பாடியை டேனிஷ்காரர்கள் ஆற அமர ஆராய்ந்து தேர்ந்தெடுக்கவில்லை. 1616இல் தொடங்கிய கம்பெனி முதலில் குறிவைத்தது இலங்கையை. போர்ச்சுகீசியரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கண்டி அரசருக்கு உதவி, அங்கே காலூன்றலாம் என்ற நம்பிக்கையில் 1618இல் கப்பல்கள் புறப்பட்டன. அந்தத் திட்டம் கைகூடவில்லை. முன்னதாக வந்த ஒரு கப்பலைக் காரைக்கால் அருகே போர்ச்சுகீசியர் தாக்கி அழித்தார்கள். தப்பிப் பிழைத்த ரோலண்ட் க்ராப்பே தஞ்சை அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்து நாயக்கரிடம் பேசியதன் விளைவே இந்த இடம். நாயக்கருக்கும் கணக்கு இருந்தது. நாகப்பட்டினத்தில் வேரூன்றியிருந்த போர்ச்சுகீசியருக்கு எதிராக இன்னொரு வணிகர் கூட்டம் தன் கரையில் இருப்பது அவருக்கு நல்லது. ஆக, கொடுத்தவருக்கு அரசியல் தேவை, எடுத்தவருக்குப் போக்கிடம் இல்லாத அவசரம். துறைமுகம் என்று சொல்லத்தக்க அமைப்பு அங்கே இல்லை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்க, சரக்கைப் படகிலும் கட்டுமரத்திலும் ஏற்றி அலையைக் கடந்து கரை சேர்க்க வேண்டும். கடலும் நிலத்தைத் தின்றுகொண்டிருந்த இடம் அது. குலசேகர பாண்டியன் காலத்தில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கடற்கரையில் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை இன்றும் நிற்கிறது என்றால் அது இடத்தின் சிறப்பால் அன்று, பராமரிப்புக்குச் செலவிட்ட பல தலைமுறைகளால். அவசரத்தில் எடுத்த இடத்துக்கு ஆயுள் முழுக்கச் செலவு செய்ய வேண்டியிருக்கும் என்பதற்கு இந்தக் கரையே சாட்சி.

அடுத்து வந்தது பாக்கி. ஐரோப்பாவில் டென்மார்க் போர்களில் சிக்கிக் களைத்தபோது, கால் நூற்றாண்டுக்கு மேல் அங்கிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு கப்பலும் வரவில்லை. 1650இல் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். கோட்டையில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறந்துபோக, 1655 முதல் எஸ்கில் ஆண்டர்சன் காங்ஸ்பாக்கே என்ற ஒரே டேனிஷ்காரர் உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு கோட்டையைக் காத்தார். ஆண்டுத் தொகை நின்றது. நாயக்கர் படை பல முறை வந்து முற்றுகையிட்டது. காங்ஸ்பாக்கே வங்காளக் கப்பல்களைக் கடலில் மடக்கிக் கிடைத்ததில் காலம் தள்ளினார், ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். 1669இல் ஃபேரோ என்ற கப்பல் வந்து சேர்ந்தபோது கோட்டையில் டேனிஷ் கொடி பறந்துகொண்டிருந்தது. இந்தக் கதையை வீரக்கதையாகச் சொல்வதே வழக்கம். தொழில் கண்ணோடு பார்த்தால் வேறொன்று தெரியும். 3,111 ரூபாய் அந்தக் கம்பெனிக்குத் தாங்க முடியாத தொகை அன்று; சரக்கு வந்து போகும் வரை அது அற்பம். வருமானம் அடியோடு நின்ற காலத்தில் எவ்வளவு சிறிய தொகையும் கழுத்தை நெரிக்கும். கம்பெனியின் கணக்கில் நல்ல காலத்துக்கான வாடகை மட்டுமே இருந்தது. கப்பல் வராத காலத்துக்கு ஒதுக்கீடு இருந்ததாகத் தெரியவில்லை.

இனி முதல் இரண்டு கேள்விகளுக்கு வருவோம். 1658இல் டச்சுக்காரர்கள் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். பிடித்த கையோடு தஞ்சை விஜயராகவ நாயக்கரிடம் உடன்படிக்கை செய்து, அதை வெள்ளித் தகட்டில் தெலுங்கில் பொறித்து வாங்கிக்கொண்டார்கள். பீரங்கியால் பிடித்த ஊருக்கு எதற்கு எழுத்து? ஊரைச் சுற்றி இருந்த கிராமங்கள் நாயக்கருடையவை. நெசவாளரும் அரிசியும் அந்தக் கிராமங்களிலிருந்துதான் வர வேண்டும். 1673இல் மதுரைப் படையிடம் விஜயராகவர் மடிந்தார், நாயக்கர் ஆட்சி முடிந்தது. சில ஆண்டுகளில் மராத்திய ஏகோஜி தஞ்சையைக் கைப்பற்றினார். டச்சுக்காரர்கள் பழைய தகட்டைக் காட்டி உட்கார்ந்திருக்கவில்லை. 1676இல் ஏகோஜியிடம் போய் மற்றொரு வெள்ளித் தகடு, இம்முறை தமிழில், வாங்கினார்கள். இரண்டு தகடுகளும் பிற்பாடு படேவியா அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரே இடத்துக்கு, பதினெட்டு ஆண்டு இடைவெளியில், இரண்டு மொழியில் இரண்டு பத்திரம். சென்னையில் ஆங்கிலேயர் செய்ததும் இதுவே. 1639இல் அந்தப் பகுதி நாயக்கர் தந்த இடத்துக்கு 1645இல் விஜயநகர அரசர் ஸ்ரீரங்கரிடம் உறுதிமொழி பெற்றார்கள். கோல்கொண்டா ஆட்சி வந்தபோது பேரம் பேசி, 1672இல் ஆண்டுக்கு 1,200 பகோடா (பொன் நாணயம்) என்று நிரந்தரமாக்கினார்கள். ஆட்சி மாறும்போதெல்லாம் புது எழுத்து. தரங்கம்பாடியின் கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான் போயிற்று: மராத்தியர் காலத்திலும் ஆண்டுத் தொகை தொடர்ந்தது, உறவு கெட்டபோது 1699இல் தஞ்சைப் படை வந்து ஊரை முற்றுகையிட்டது, ஆங்கிலேயர் உதவியால் டேனிஷ்காரர் தப்பினார்கள்.

ஆள் மாறினால் ஆவணத்தைப் புதுப்பிக்கும் இந்த வழக்கத்தை ஐரோப்பியர்கள் கொண்டுவரவில்லை. இந்த மண்ணில் அது முன்பே முறையாக இருந்தது. ஸ்ரீவிஜய நாட்டு அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எழுப்பினான். கடல்வழி வணிகம் செழித்திருந்த துறையில், வந்துபோகும் தன் நாட்டாருக்கு ஓர் ஊன்றுகோலாகவும் அது இருந்திருக்க வேண்டும். அந்த விகாரத்துக்கு முதலாம் இராஜராஜன் தன் இருபத்தோராம் ஆட்சியாண்டில், 1006 அளவில், ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை விட்டுக்கொடுத்தான். ஆண்டுக்கு எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் கலம் நெல். ஆணை பிறந்தது, ஆனால் செப்பேடு வெட்டி முடிப்பதற்குள் மன்னன் மறைந்தான். மகன் இராஜேந்திரன் தந்தையின் சொல்லை நிலைநிறுத்தி ஆவணமாக்கியதாக அந்தச் செப்பேட்டின் வடமொழிப் பகுதியே சொல்கிறது. எண்பது ஆண்டு கழித்து, 1090இல், கடாரத்து (ஸ்ரீவிஜய) அரசனின் தூதர்கள் முதலாம் குலோத்துங்கனிடம் வந்து மீண்டும் கேட்க, அவன் மூன்று ஏட்டில் புதிய சாசனம் கொடுத்தான். இருபத்தொரு ஏட்டுப் பெரிய சாசனமும் இந்தச் சிறிய சாசனமும் சேர்ந்துதான் இன்று லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றவை.

பெரிய லெய்டன் செப்பேட்டின் தமிழ்ப் பகுதியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். அதில் மன்னன் கொடுத்தான், விகாரம் பெற்றது என்பதோடு விஷயம் முடிவதில்லை. அதிகாரிகள் ஊருக்கு நேரில் போகிறார்கள். ஒரு பெண் யானையை எல்லை நெடுக நடக்கவிட்டு, அது நடந்த வழியில் கல்லும் கள்ளியும் நட்டு எல்லை காட்டுகிறார்கள். கிழக்கே எந்த ஊர் வயல், தெற்கே எந்த வாய்க்கால் என்று ஒவ்வொரு வரப்பும் வரிசையாக எழுதப்படுகிறது. சுற்றியுள்ள ஊர்களின் சார்பில் ஆட்கள் கையெழுத்திடுகிறார்கள். நாளை எல்லைத் தகராறு வந்தால் அண்டை ஊரார் சொன்னதே சாட்சி. அதற்கு மேல், பெற்றவர் அந்த நிலத்தில் என்ன செய்யலாம் என்ற பட்டியல்: ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சலாம், அந்த வாய்க்காலில் பிறர் குறுக்கே கிளை வெட்டக்கூடாது, சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுக்கலாம், பெருங்கிணறு தோண்டலாம், தென்னந்தோப்பு வைக்கலாம், பெரிய செக்கு நாட்டலாம். இன்று ஒரு கட்டடத்தை அலுவலகத்துக்கு எடுப்பவர் கேட்க வேண்டியவற்றில் பெரும்பகுதி இதில் அடங்கிவிட்டது. எந்தப் பகுதி நமக்கு, பொதுப்பாதை எது, தண்ணீர் யாருடைய ஆழ்துளைக் கிணற்றிலிருந்து, ஜெனரேட்டர் வைக்கலாமா, பெயர்ப்பலகை மாட்டலாமா, உள்ளே சுவர் எழுப்பலாமா, எழுப்பினால் போகும்போது அது யாருக்கு? ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஓர் ஆவணம் செக்கு நாட்டும் உரிமையைத் தனியே எழுதிவைத்தது. நம் பதினொரு மாத ஒப்பந்தங்கள் பலவற்றில் வாடகையும் தேதியும் தவிர வேறொன்றும் இல்லை. இந்த ஒப்பீடு நமக்குப் பெருமை தரக்கூடியது இல்லை.

கொடுப்பவரின் உரிமையைச் சரிபார்க்காமல் இடம் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்குக் காரைக்காலும் தேவிகோட்டையும் பாடம். 1738இல் தஞ்சை அரியணைப் போட்டியில் பதவியிழந்து நின்ற ஷாஜி, உதவி கேட்டுப் புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடம் போனார். காரைக்காலையும் சில கிராமங்களையும் தருவதாகப் பேச்சு. பிரெஞ்சு கவர்னர் தூமா ஒப்புக்கொண்டார். ஷாஜி திரும்ப அரியணை ஏறியதும் கொடுக்க மனம் வரவில்லை. ஆற்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிப் குறுக்கே வந்து ஊரைப் பிடித்துக் கொடுக்க, 1739 பிப்ரவரி 14இல் பிரெஞ்சுக்காரர் காரைக்காலில் இறங்கினார்கள். அந்த ஆண்டே ஷாஜி நீக்கப்பட்டு பிரதாப் சிங் மன்னரானார்; பிரெஞ்சுக்காரர் அவரிடமும் தனியே பேசித் தங்கள் பிடியை உறுதி செய்துகொள்ள வேண்டியதாயிற்று. பத்து ஆண்டு கழித்து அதே ஷாஜி கடலூர் புனித டேவிட் கோட்டைக்குப் போய், தன்னை மீண்டும் மன்னராக்கினால் தேவிகோட்டையைத் தருவதாக ஆங்கிலேயரிடம் சொன்னார். கையில் இல்லாத சொத்தைக் காட்டி இரண்டாம் முறையாகப் பேசுகிறார். 1749இல் ஆங்கிலேயர் இரண்டு படையெடுப்பு நடத்தி தேவிகோட்டையைப் பிடித்தார்கள். ஆனால் ஊரில் ஒருவரும் ஷாஜிக்காக எழவில்லை என்று கண்டதும், அவரைக் கைவிட்டு பிரதாப் சிங்கிடமே உடன்படிக்கை எழுதிக்கொண்டார்கள். ஷாஜிக்கு ஓய்வூதியம் மிஞ்சியது. ஆக, உரிமை இல்லாதவர் வாக்கை நம்பி இறங்கியவர்கள், கடைசியில் உரிமை உள்ளவரிடம் இன்னொரு முறை விலை பேச நேர்ந்தது. இத்தனை பாடுபட்டு எடுத்த தேவிகோட்டையால் ஆங்கிலேயருக்குப் பயன் பெரிதாக இல்லை. கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்தில் பெரிய கப்பல் உள்ளே வரலாம் என்று எண்ணினார்கள். முகத்துவாரத்தில் மணல்திட்டு வழியடைத்துக் கிடந்தது. 1758இல் பிரெஞ்சுக்காரர் வந்தபோது அதை விட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

இதற்கெல்லாம் ஒரு மறுப்பு உண்டு. இவை அரசர்களும் ஆயுதம் தாங்கிய கம்பெனிகளும் செய்த காரியங்கள், கப்பம் என்று சொல்ல வேண்டியதை வாடகை என்கிறாய், பீரங்கி வைத்திருந்தவனுக்குப் பத்திரம் ஒரு சாக்கு, கடைசியில் தஞ்சை முழுவதையும் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்களே என்று கேட்கலாம். கப்பம் என்ற சொல்லை மறுக்கவில்லை. ஆனால் எல்லை குறித்த ஓர் இடம், ஆண்டுக்கு ஒரு தொகை, கட்டிக்கொள்ள அனுமதி, கட்டத் தவறினால் வந்து கேட்கும் உரிமை என்ற நான்கும் ஒன்றாக இருக்கும்போது, பெயர் எதுவானாலும் உள்ளடக்கம் குத்தகைதான். பீரங்கியைப் பற்றிச் சொன்னால், தரங்கம்பாடிக் கோட்டையிலும் பீரங்கி இருந்தது, ஆனாலும் தொகை கட்டும் கடமை அவர்களை விடவில்லை. டச்சுக்காரர் வென்று பிடித்த ஊருக்கும் வெள்ளித் தகடு தேடிப் போனார்கள். ஆங்கிலேயர் தஞ்சையைப் பெற்றதும் தேவிகோட்டைச் சண்டையால் அன்று. ஆற்காட்டு நவாபின் கடன், வாரிசுத் தகராறு, படைச்செலவு என்று நீண்ட இழுபறிக்குப் பின் 1799இல் இரண்டாம் சரபோஜியோடு செய்த உடன்படிக்கையே நாட்டை அவர்கள் கைக்குக் கொண்டுவந்தது. வலியவனும் இந்த மண்ணில் எழுத்தைத் தேடியே வந்தான் என்பதே என் வாதத்துக்குப் பலம் சேர்க்கிறது. எளியவனுக்கு அந்த எழுத்து இன்னும் எவ்வளவு தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பத்திரம் சரியாக இருந்தும் இடம் மதிப்பிழக்கும் என்பதும் உண்மை. 1845இல் டென்மார்க், தரங்கம்பாடியையும் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றது. சில காலம் தஞ்சை மாவட்டக் கலெக்டர் அலுவலகமே அங்கே இயங்கியது. பிறகு நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாக ரயில் ஓடத் தொடங்கியதும் 1860களில் சரக்கும் ஆட்களும் அந்தப் பாதைக்குத் திரும்ப, தரங்கம்பாடி ஒதுங்கிய ஊராயிற்று. இடம் எடுக்குமுன் வரப்போகும் புறவழிச்சாலை, இடமாறப்போகும் பேருந்து நிலையம் இவற்றை விசாரிப்பதன் தேவை இதில் இருக்கிறது. தஞ்சாவூரில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் பழைய பேருந்து நிலையத்தையும் காமராஜர் மார்க்கெட்டையும் இடித்துக் கட்டியபோது, அங்கே கடை வைத்திருந்தவர்கள் கட்டுமானம் முடியும் வரை வேறு இடத்துக்குப் போக வேண்டி வந்தது.

நாயக்கரும் மராத்தியரும் போய்விட்டார்கள். இந்த வட்டாரத்தில் அவர்கள் இடத்தில் பெருநிலக்காரராக இன்று நிற்பவை கோயில்கள், மடங்கள், சத்திரங்கள். தஞ்சை அரண்மனை தேவஸ்தானத்தின் கீழ் மட்டும் 88 கோயில்கள். கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் கடைத்தெருக்களில் பல கட்டடங்களின் அடிமனை கோயிலுக்குச் சொந்தம், மேலே உள்ள கட்டடம் மட்டும் தனியாருடையது. வாடகைக்கு விடுபவர் கட்டடக்காரராக இருப்பார். நிலம் கொடுத்த கோயில் பேச்சில் வராது. இந்த இரட்டை உரிமைக்கு நீண்ட சட்ட வரலாறு உண்டு. முதல் உலகப் போருக்குப் பின் சென்னையில் அடிமனைக்காரர்கள் வீடு கட்டிக்கொண்டவர்களைக் காலிசெய்யச் சொன்னதால் 1921இல் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கட்டடத்துக்கு இழப்பீடு, சில சூழலில் நிலத்தையே விலைக்குக் கேட்கும் உரிமை என்று அது குடியிருப்பவருக்கு இரண்டு ஆயுதம் கொடுத்தது. 1955 திருத்தம் அதைச் சென்னைக்கு வெளியேயும் கொண்டுபோக வழிசெய்தது. 1996இல் வந்த திருத்தம் சமய நிறுவனங்களின் நிலங்களை இதிலிருந்து விலக்கிவிட்டது; மயிலாப்பூர் கிளப் வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்றது. அதற்கும் முன்பே 1976இல் ஓர் அரசாணை சமய, அறநிலையக் கட்டடங்களை வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலிருந்து விலக்கியிருந்தது. கோயில் இடம் என்றால் யாரும் காலிசெய்யச் சொல்ல மாட்டார்கள், வாடகையும் ஏறாது என்று ஊரில் சொல்லிக்கொள்வது பழைய கால நிலைமை. அந்தக் காலம் முடிந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது.

இன்னும் நுணுக்கமானது ஒன்று. 1959 இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, கோயில் சொத்தை ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட காலத்துக்குக் குத்தகைக்கு விட ஆணையரின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் அறங்காவலரோ செயல் அலுவலரோ எழுதிக் கொடுத்தால் அது செல்லாது. அதே சட்டத்தின் 78ஆம் பிரிவு, குத்தகைக் காலம் முடிந்தும் அகலாதவரை ஆக்கிரமிப்பாளர் என்றே கருதி வெளியேற்ற வழிசெய்கிறது. இருபது ஆண்டுக்கு என்று நல்ல மனதோடு ஓர் அறங்காவலர் எழுதித் தந்திருந்தாலும், அடுத்து வருபவர் அதை மதிக்க வேண்டியதில்லை என்று இதற்குப் பொருள். காரைக்காலில் தூமாவுக்கு நேர்ந்த நிலையும், தனக்கு அதிகாரம் இல்லாததை எழுதிக்கொடுக்கும் ஆளிடம் இன்று ஒருவர் இடம் எடுத்து மாட்டிக்கொள்ளும் நிலையும் ஒன்றுதான். தனியார் கட்டடத்திலும் இந்த வலை உண்டு. உரிமையாளர் அந்தக் கட்டடத்தை வங்கியில் அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருந்து, அதற்குப் பிறகு பதிவில்லாமல் நமக்கு எழுதிக்கொடுத்திருந்தால், கடன் கெட்டு வங்கி 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தின்படி சொத்தை எடுக்க வரும் நாளில் நம் ஒப்பந்தம் தாக்குப்பிடிப்பது கடினம். பதவியிழந்த மன்னரின் வாக்கு புதிய மன்னரைக் கட்டாதது போலவே, கடனாளி எழுதிய காகிதம் கடன் கொடுத்தவரைக் கட்டாது.

இவ்வளவு சட்டம் பார்த்துச் சின்னத் தொழில் செய்பவர் இடம் எடுக்க முடியுமா, நம் ஊரில் எல்லாம் நம்பிக்கையில் ஓடுகிறதே என்பது அடுத்த மறுப்பு. டெல்டாவில் வாய்ச்சொல்லை மட்டும் நம்பியவர்களின் வரலாறு வயலில் எழுதப்பட்டிருக்கிறது. 1952இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955இலும் 1956இலும் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்பு, நியாய வாரம் பற்றிய சட்டங்கள் வந்தன. நன்செயில் உரிமையாளருக்கு நாற்பது, உழுபவருக்கு அறுபது என்று வாரம் குறைந்தது. ஆனால் தலைமுறை தலைமுறையாக உழுதவர்களில் பலரிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. தான் குத்தகைதாரர் என்பதையே நிரூபிக்க முடியாமல் சட்டத்தின் பாதுகாப்பை இழந்தார்கள். அதனால்தான் 1969இல் குத்தகை உரிமைப் பதிவேட்டுக்கென்றே தனிச் சட்டம் போட வேண்டிவந்தது. வயலுக்குச் சொன்னது கடைக்கும் பொருந்துமா என்றால், பொருந்தும். 1882ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின்படி ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பட வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் பதினொரு மாத வழக்கம் பரவியது. அந்தச் சிக்கனத்தின் விலை, ஒவ்வோர் ஆண்டும் கையெழுத்துக்காகக் காத்திருப்பதும், உள்ளே பல லட்சம் ரூபாய்க்கு மரவேலை செய்தவர் வாடகை உயர்வைக் கேட்டதும் தலையாட்ட நேர்வதும். 2019 பிப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும் என்கிறது. பதிவுச் செலவு ஒரு மாத வாடகைக்கு மேல் போனாலும் அது கொடுக்கத் தகுந்த செலவு. நம்பிக்கை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நம்பிய ஆள் நாளை இறக்கலாம், விற்கலாம், பிள்ளைகள் பாகம் பிரிக்கலாம். இராஜராஜன் மீது நம்பிக்கை இல்லாமலா ஸ்ரீவிஜயத்தார் செப்பேடு கேட்டார்கள்?

ஆகவே தஞ்சை மண்ணில் தொழிலுக்கு இடம் எடுக்க நினைப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். அட்வான்ஸ் பேசுவதற்கு முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த மனைக்கு முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று எடுங்கள். அடிமனை கோயிலுடையதா என்று செயல் அலுவலரிடம் நேரில் கேளுங்கள். கோயிலுடையது என்றால் ஆணையர் அனுமதியின் நகலைக் கையில் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள்.